செந்துறையில் மடக்கிவிட்டார்களாம்

எனக்குப் பிடிக்காத ஊர் என்று ஒன்று இருந்தது என்றால் அது செந்துறைதான். அந்த ஊரில் நான் அதுவரை இறங்கியதுகூட இல்லை. அங்கே யாரும் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இருந்தாலும் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் செந்துறை போகிற பஸ் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அதற்குக் காரணம், பெரம்பலூரில் எனக்கு முட்டியை மடக்கிவிட்ட பிசியோ அம்மாள்.

அம்மாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேனே தவிர, அவருக்கு என்னைவிட வயது குறைவு. முப்பதைத் தாண்டியிருப்பார், அவ்வளவுதான். ஒல்லியான உடம்பு, தலையில் எப்போதும் ஒரு பெரிய கிளிப், காலில் கேன்வாஸ் ஷூ, மேல்கோட்டுப் பையில் வறுத்த கடலை. துறையூர் ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் கிளினிக் வைத்திருந்தார். கால் நடக்காதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தை மாடியில் வைக்க வேண்டும் என்று வேறு யாருக்குத் தோன்றும்? கேட்டால், ஏறி வருவதிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறதே என்பார். பூச்சிமருந்து வாசனையை முகர்ந்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறி, மேலே போய்ச் சேரும்போது அவர் வாசலில் நின்று கடலை தின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பார். கை கொடுக்க மாட்டார். இப்போது அந்த மாடியில் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. அவர் கல்யாணமாகி ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அங்கேயும் மாடியாகத்தான் பார்த்துப் பிடித்திருப்பார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரே இருப்பவர் எதைச் செய்தாலும், அதை அவரைவிட நன்றாகச் செய்கிற ஓர் ஆளை வேறொரு ஊரில் தயாராக வைத்திருப்பார். கீழே டீக்கடைக்காரர் டீ கொண்டு வந்தால், ஒரு வாய் குடித்துவிட்டு, குன்னத்தில் ஒருவர் இஞ்சி தட்டிப் போட்டு டீ போடுவார் என்று ஆரம்பிப்பார். டீக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் குன்னம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். அப்படி ஒரு கடை அகப்படவில்லை. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து டீயில் இஞ்சி விழுந்தது. தோள்பட்டை இறுகிப்போன ஒரு வாத்தியாரிடம், ஜெயங்கொண்டத்தில் இதே தோளோடு வந்த ஒருவர் இப்போது தன் முதுகைத் தானே சொறிந்துகொள்கிறார் என்றார். வாத்தியார் அன்றைக்கு நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கையை முதுகுப்பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் பக்கத்துக் கட்டிலில் படுத்து நேரில் பார்த்தவன் நான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நான் விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொழில் பிளெக்ஸ் போர்டு அடிப்பது. கல்யாணம், காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி, இந்த நாலு 'க' இல்லாவிட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் போர்டைக் கடைத் தரையில் விரித்து, ஓரத்தில் கயிறு கட்ட ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை. ஈரக்காலோடு உள்ளே வந்த நான், சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, அவருடைய கன்னத்தில் காலை வைத்தேன். வழுக்கியது. வலது முட்டி நேராகச் சிமெண்டுத் தரையில் போய் இடித்தது. அரசியல்வாதியை நம்பி விழுந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கன்னத்தில் வழுக்கி விழுந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முட்டிச்சில்லில் விரிசல். ஆனால் துண்டுகள் இடம் மாறவில்லை. காலை மடக்காமல் மேலே தூக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். அப்படியென்றால் ஆபரேஷன் வேண்டாம், கட்டுப் போட்டு நீட்டி வைத்தால் தானே கூடிவிடும் என்றார். வீட்டில் எல்லோருக்கும் ஏமாற்றம். ஆபரேஷன் இல்லை என்றால் உறவுக்காரர்கள் அதை ஒரு நோயாகவே மதிப்பதில்லை. பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடி வாங்கி வராமல் வெறும் வாழைப்பழத்தோடு வந்தார்கள். 'சும்மா விரிசல்தானே' என்று சொல்லிவிட்டு, வாங்கி வந்த பழத்தில் இரண்டைத் தின்றுவிட்டும் போனார்கள்.

கட்டைப் பிரித்தபோதுதான் விவகாரம் தெரிந்தது. எலும்பு கூடிவிட்டது. தொடை சூம்பிப்போய், என் லுங்கிக்குள் வேறு யாருடைய காலோ இருப்பதுபோல் இருந்தது. முட்டி மடங்கவே இல்லை. கொஞ்சம் மடக்கினாலும் உயிர் போய் வந்தது. இனிமேல் பிசியோதான், முட்டியை மடக்குவது உங்கள் கையில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கையில் இருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்?

முதல் நாள் பிசியோ அம்மாள் என் காலைக் கட்டிலில் நீட்டச் சொல்லி, முட்டிக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தார். கை சுலபமாகப் போய் வந்தது.

"வூட்ல முட்டிக்கு அடியில தலவாணி வெக்கிறது யாரு?" என்றார்.

"அம்மாங்க. நான் எடுத்துப் போட்டாலும் தூங்குறப்ப வந்து வெச்சிட்டுப் போயிடுறாங்க."

"பாசத்துல முட்டி நீளவும் இல்ல, மடங்கவும் இல்ல. இனிமே குதிகாலுக்கு அடியில வெக்கச் சொல்லுங்க. இல்லன்னா அந்தம்மாவ இங்க கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் சேத்து எக்சர்சைஸ் குடுத்துர்றேன்."

அம்மா விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பதையும் சொன்னேன். எண்ணெய் முட்டிக்குள்ளே போகாது, பெட்ஷீட்டுக்குள்ளேதான் போகும் என்றார். பிறகு ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். முகத்தில்தான் அழுத்தம் தெரிந்ததே தவிர, தொடை அசையவில்லை. வீட்டில் என் பேச்சைக் கேட்காதவர்கள் பலர் உண்டு. என் தொடையும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது அன்றைக்குத்தான்.

அடுத்தது, படுத்தபடி குதிகாலைப் படுக்கைமேல் இழுத்து இழுத்துத் தொடையை நோக்கிக் கொண்டுவருவது. கட்டிலில் ரெக்சின் விரிப்பு. வியர்வையில் கால் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. அவர் யோசித்துவிட்டு, என்னை வழுக்கிவிட்டது எதுவோ அதிலேயே ஒரு துண்டு கொண்டு வரச் சொன்னார். மறுநாள் வீணாய்ப்போன பிளெக்ஸில் ஒரு கை அகலத்துக்கு வெட்டிக் கொண்டுபோனேன். குதிகால் அதன்மேல் அழகாக வழுக்கியது. அதிலிருந்து என் கடைக் கழிவு முழுக்க அந்த மாடிக்குத்தான் போனது. வந்தவர்களுக்கெல்லாம் வீட்டில் பழகுவதற்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்து அனுப்புவார். சுற்றுவட்டாரத்தில் முட்டி மடங்காதவர்கள் எல்லாம் யாரோ ஒரு மாப்பிள்ளையின் காதிலோ, யாரோ ஒரு மாவட்டப் பொறுப்பாளரின் தாடையிலோ குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் கண்ணீர் அஞ்சலித் துண்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பூப்புனித நீராட்டு விழா வாங்கிக்கொண்டு போனார்.

செந்துறை என் வாழ்க்கைக்குள் வந்தது இந்தச் சமயத்தில்தான். வலி பொறுக்காமல் குதிகாலைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அவர் கடலைத்தோலை ஊதிக்கொண்டே, செந்துறையில் ஓர் அம்மாள் இருப்பதாகச் சொன்னார். இதே வலது முட்டிச்சில்லு, இதே விரிசல், ஆபரேஷனும் இல்லை. விழுந்தது மட்டும் எனக்குப் பிறகு.

"நேத்து வந்தாங்க சார். குதிகாலத் தொடகிட்டக் கொண்டாந்துட்டாங்க."

"வயசு என்னங்க இருக்கும்?"

"அம்பதுக்கு மேல இருக்கும். உங்களுக்குப் பெரியம்மா மாரி."

அன்றையிலிருந்து விடாமல் துரத்தினார். நான் மடக்கினால் அந்த அம்மாள் மடக்கி முடித்திருப்பார். நான் ஊன்றுகோலை விட்டால் அந்த அம்மாள் படியில் இறங்கியிருப்பார். நான் படியில் இறங்கினால் அந்த அம்மாள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார். அவருக்கு நாள் வேறு, எனக்கு நாள் வேறு என்பதால் ஆளைக் கண்ணால் பார்க்க வழியில்லை. கோணம் அளக்கிற பிளாஸ்டிக் ஸ்கேலை என் முட்டியில் வைத்துப் பார்ப்பார். எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டார். 'ம்' என்பார். அந்த 'ம்' செந்துறைப் பக்கம் சாய்ந்திருக்கும். நான் வீட்டில் சோற்றுக்கு நடுவில் அந்த அம்மாளைத் திட்டுவேன். என் மனைவி முதலில் பயந்துபோனாள். யாரது என்று கேட்டு, பிறகு யோசித்து, எதுவானாலும் முட்டி மடங்கினால் சரி என்று விட்டுவிட்டாள்.

நான் இவ்வளவு மல்லுக்கட்டியது வெறும் ரோஷத்துக்காக இல்லை. என் தங்கையை அரியலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருடம் குழந்தை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, கேட்காத பேச்சு இல்லை. சிறுவாச்சூர் அம்மனிடம் அவள் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்தால் உன் வாசலில் என் அண்ணன் மடியில் உட்கார வைத்து மொட்டையடித்துக் காது குத்துகிறேன் என்று வேண்டுதல். பெண் குழந்தை பிறந்தது. மூன்று வயது முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துவிட்டார்கள். தாய்மாமன் மடி என்றால் தரையில் சம்மணம் போட்ட மடி. என் முட்டியோ நாற்காலிக்கே முரண்டு பிடித்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள இது என்ன பியூட்டி பார்லரா என்றார் தங்கையின் மாமியார். அவர் கேட்டதில் தப்பில்லை.

சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான். முறைக்கு அவனும் மாமன்தான். அவன் முட்டி இரண்டும் கல்லுக்குண்டு. கவலைப்படாதீர்கள் அண்ணே, முடியவில்லை என்றால் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஆறுதல் சொல்ல வந்தவன், என் கட்டிலுக்கு எதிரிலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினான். ஊன்றாமல் எழுந்தும் காட்டினான். ஒரு வாரத்தில் பட்டுவேட்டி எடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

அதற்கு அடுத்த நாள் தங்கை போன் செய்தாள். "முடியலன்னா அவனே உக்காரட்டும்ண்ணே, பரவால்ல. நீ பக்கத்துல நின்னா போதும்" என்றாள். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் வேண்டிக்கொண்டது என் மடியை. கேட்டது கிடைக்காமல் பழகிப்போனவளின் குரலில் என்னிடமும் அதே 'பரவால்ல'வைச் சொல்கிறாள்.

அன்றைக்கு மாடிக்குப் போய், இனிமேல் வரவில்லை என்று பிசியோ அம்மாளிடம் சொல்லிவிட்டேன். முட்டி இவ்வளவுதான் மடங்கும், மேற்கொண்டு செந்துறைக்காரர்களை வைத்து நடத்திக்கொள்ளுங்கள் என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியினால் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் டீ வரவழைத்து எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார்.

அவருடைய அம்மா ஜெயங்கொண்டத்தில் தையல் தைப்பவர். இவர் படிக்கிற காலத்தில் எந்தப் பரீட்சையில் எவ்வளவு வாங்கி வந்தாலும், வரதராஜன்பேட்டையில் ஒரு பெண் இதைவிட அதிகம் வாங்கியிருக்கிறாள் என்பாராம். அந்தப் பெண் விடியுமுன் எழுந்துவிடுவாள். தண்ணீர் எடுத்து, ஆடு கட்டி, தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் படிப்பாள். தலையைக்கூட ஒரே இழுப்பில் பின்னிக்கொள்வாள். அவளை நினைத்து நினைத்தே இவர் வயிறெரிந்து படித்தார். காலேஜில் இடம் கிடைத்த அன்று, அவளை ஒரு தடவை பார்த்துத் திட்டிவிட்டு வருவது என்று பஸ் ஏறி வரதராஜன்பேட்டைக்கே போய்விட்டார். தெருத்தெருவாக விசாரித்தார். அப்படி ஒரு பெண்ணே இல்லை.

"வூட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டேன் சார். மெஷின நிறுத்தாமயே சொல்றாங்க, 'ஆமா, இல்லதான். இருந்திருந்தா நீ தோத்திருப்ப'ங்கறாங்க."

கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். பிறகு அவள் இல்லாமல் தனக்கே போரடித்துவிட்டது என்றார். இன்றைக்கும் எதையாவது செய்து முடித்தால், அவளாக இருந்தால் இதை எப்படிச் செய்திருப்பாள் என்றுதான் தோன்றுமாம். சொல்லிவிட்டு எழுந்து, டீ கிளாஸைச் சன்னலில் வைத்து, என் முட்டியைப் பிடித்து அழுத்தினார். நான் கத்தினேன். கீழே உரக்கடையில் யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போயிற்று. வரவில்லை என்று சொன்னதை மறந்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

பாதிப் படியில்தான் உறைத்தது. அப்படியென்றால் செந்துறை அம்மாள்?

அவ்வளவு நாள் நான் பல்லைக் கடித்தது, சோற்றைப் பாதியில் வைத்தது எல்லாம் இல்லாத ஒரு பொம்பளைக்காகவா என்று எரிச்சலாக வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அடுத்த தடவை அவர் செந்துறை என்று ஆரம்பித்தபோது நான் பெரிய மனுஷத்தனமாகச் சிரித்தேன். ஏன் சிரிக்கிறீர்கள் என்றார். சும்மா என்றேன். அந்த வாரம் முழுக்க என் குதிகால் ஒரு விரற்கடைகூட மேலே வரவில்லை.

தீபாவளிக்குக் கிளினிக்கை மூடியிருந்தார். திறந்த அன்று, நாள் கணக்கெல்லாம் குழம்பி எல்லோரும் ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டோம். உள்ளே இடமில்லாமல் படிக்கட்டு முடிகிற இடத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள். வலது காலை நீட்டிக்கொண்டு, மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். விரல்களெல்லாம் முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்துக் கிடந்தன. என்னையே வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து சுருட்டிய பிளெக்ஸ் துண்டு ஒன்றை எடுத்து விரித்து, அதையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

துண்டில் இருந்தது நான். என் தங்கை பெண்ணின் காதணி விழாவுக்கு என் கடையிலேயே அடித்த போர்டு அது. வெள்ளிக்கிழமை என்பதற்கு வியாழக்கிழமை என்று அடித்துவிட்டார்கள். சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். வியாழக்கிழமை போனால் பூட்டைத்தான் கும்பிட வேண்டும். ஆகையால் அந்தப் போர்டையும் வெட்டி மாடிக்கு அனுப்பியிருந்தேன். அதில் என் முகம் இருக்கிற துண்டைப் பிசியோ அம்மாள் பார்த்துப் பொறுக்கி இவரிடம் கொடுத்திருக்கிறார்.

"தம்பி, நீதானா அது?" என்றார் அந்த அம்மாள். "காலையும் சாயந்தரமும் உன் மூஞ்சிலதான் குதிகாலப் போட்டுத் தேய்க்கிறேன். பாரு, மூக்கே அழிஞ்சிபோச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைக் கேட்டார். "நீதான் சம்மணம் போட்டு உக்காந்து, கைய ஊனாம எந்திரிக்கிறியாமே. அந்தப் பொண்ணு உன்னச் சொல்லிச் சொல்லியே என் உசுர எடுக்குது. உன்னால எங்க வூட்ல எனக்குச் சோறு எறங்கல."

"அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?"

"செந்துறை."

குதிகாலைத் தொடையில் கொண்டுவந்து வைத்துவிட்டீர்களாமே என்று கேட்டேன். அவர் யார் சொன்னது என்பதுபோல் பார்த்துவிட்டு, பெஞ்சிலேயே முட்டியை மடக்கிக் காட்டினார். என் முட்டி எங்கே நிற்குமோ அங்கேதான் அதுவும் நின்றது. நானும் மடக்கிக் காட்டினேன். இரண்டு முட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றுக்கொன்று சொல்லி வைத்ததுபோல் உதவாக்கரை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரித்ததில் பெஞ்சு ஆடியது. அக்கா முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் வேலை பார்க்கிறவர். அதைத் தரையில் உட்கார்ந்துதான் உடைக்க வேண்டும். பஸ் படியில் வழுக்கி விழுந்து இவர் வீட்டில் கிடந்த நாளில், இவர் உட்கார்ந்த இடத்தில் மருமகள் உட்கார்ந்துவிட்டாளாம். முட்டி வலியைவிட அதுதான் குடைகிறது என்றார்.

நான் வெள்ளிக்கிழமைக் காதுகுத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, வரதராஜன்பேட்டைக் கதையையும் சொன்னேன். அதைக் கேட்டு அக்கா சிரிக்கவில்லை. பாவம், அந்தப் பிள்ளை தேடிக்கொண்டு போயிருக்கிறதே என்றார். உள்ளே போய்ப் பிசியோ அம்மாளைப் பிடித்து இரண்டு வார்த்தை கேட்டுவிடலாமா என்றேன். வேண்டாம் என்றார். நாம் கேட்டுவிட்டால் அடுத்து வருகிறவர்களுக்கு அந்தப் பெண் யாரைச் சொல்லும் என்பது அவருடைய கவலை. எழுந்து உள்ளே போகும்போது நின்று, "வெள்ளிக்கிழம நானும் சிறுவாச்சூரு வரேன் தம்பி. நீ உக்கார்றத என் கண்ணால பாக்கணும்" என்றார். வாழ்த்துப்போல இல்லை அது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இல்லாத ஆளிடம் தோற்பதற்காவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். கறுத்த விரலோடு பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துவிட்டுப் போன ஆளிடம் எப்படித் தோற்பது? குதிகால் நகர்ந்தது. பிசியோ அம்மாள் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு 'ம்' என்றார். இந்த 'ம்' கொஞ்சம் என் பக்கம் சாய்ந்திருந்தது. காதுகுத்துக்கு அழைத்தேன். அங்கெல்லாம் வருவதில்லை, வந்தால் ஊரே சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டுகிறது, போட்டோ அனுப்புங்கள் போதும் என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. மாவிளக்குக்கு இடிக்கிற உலக்கைச் சத்தம் ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். ஒரு மூலையில் எங்கள் ஆட்கள் ஜமுக்காளம் விரித்துவிட்டார்கள். நாவிதர் கத்தியோடும் ஆசாரி ஊசியோடும் தயார். சித்தப்பா மகன் பட்டுவேட்டியில் எனக்குப் பின்னால் வந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூணைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முக்கால்வாசி இறங்கியதும் முட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. வியர்த்துக் கொட்டியது. பின்னால் சித்தப்பா மகன், "அண்ணே, நான் வேணா..." என்று ஆரம்பித்தான். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு செந்துறை அக்கா வந்து நின்றார். என்னைப் பார்த்தார். என் முட்டியைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, எதிர்த் தூணைப் பிடித்துக்கொண்டு, அவரும் உட்கார ஆரம்பித்துவிட்டார்.

அதற்கு மேல் எனக்கு ஆசாரியும் தெரியவில்லை, மேளமும் கேட்கவில்லை. அந்த அம்மாள் எனக்கு முன்னால் தரையைத் தொட்டுவிடக் கூடாது. அவ்வளவுதான். உள்ளே என்னவோ இழுத்து விட்டதுபோல் இருந்தது. பின்பக்கம் ஜமுக்காளத்தில் பட்டது. வலது காலைக் கையால் இழுத்து மடக்கிப் போட்டேன். பாதம் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டுதான் இருந்தது. அதை முழுச் சம்மணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மன் கண்டுகொள்ளவில்லை. எதிரே அக்காவும் தரைக்கு வந்து சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

தங்கை குழந்தையை என் மடியில் வைத்தாள். என் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். இத்தனை வருடம் அவள் பட்டதெல்லாம் அந்தக் கையில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். குழந்தைக்கும் அழுகை வந்தது. மொட்டைக்கு ஒரு மூச்சு, காதுக்கு ஒரு மூச்சு என்று அழுது தீர்த்துவிட்டு, புதுவேட்டியை நனைத்தும் வைத்தாள். அன்றைக்கு அந்த மடிக்கு எது கிடைத்தாலும் சீர்தான் என்று உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் முடிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. இத்தனை நாளும் உட்காருவதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்திருப்பதைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றிப் பார்த்தேன். எதிரே அக்காவும் இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மகன் தூக்கிவிட ஓடி வந்தான். வேண்டாம் என்றேன். அக்காவைத் தூக்கப் போனான். அவரும் வேண்டாம் என்றார்.

என் மனைவி எங்கள் இருவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்து, உட்கார்ந்துவிட்டார்கள் என்று பிசியோ அம்மாளுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் குரலில் பதில் வந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவில் போனை உயர்த்திப் பிடித்துப் போட்டுக் காட்டினாள். அவர் எதையோ மென்றுகொண்டே பேசியிருந்தார்.

"பாத்தேன் சார், பாத்தேங்க்கா. ரெண்டு பேரும் உக்காந்திருக்கீங்க, சரி. வரதராஜன்பேட்டையில ஒரு பொண்ணு. இதே முட்டிதான். நேத்து ஒரு கையும் ஊனாம எந்திரிச்சிட்டா."

அப்படி ஒரு பெண் இல்லை என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஊன்றியிருந்த கைகளை இருவரும் தரையிலிருந்து எடுத்தோம்.